பொருள்: ‘புளூம்’ தமிழில் எது? வெள்ளிக்குள் வேண்டும்

வணக்கம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை எடுத்துக்காட்டாக வைத்துக் காற்றுத் தூய்மைக்கேட்டைக் கணிப்பது பற்றிய மாணவர் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘புளூம்’ (plume: ஓரிடத்தில் வெளியாகிக் காற்றோடு நீளும் மாசு) என்பதற்குப் ‘புகைத்தாரை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?
– மொழிபெயர்ப்பாளர், பினாங்கு

> புகைத்தாரை

இரண்டு பாதியும் இடிக்கிறது. இங்கே புகை என்றால் மாணவருக்குப் புகைமூட்டம்தான். எஞ்சின் விடும் கார்பன் மோனாக்சைடோ கண்ணுக்கே தெரியாது. எஞ்சின் வாயில் பீய்ச்சுவதுதான் தாரை. அந்த வேகம் அடங்கி, சூட்டால் மேலெழுந்து, காற்றோடு நீள்வது புளூம். இரண்டையும் குழப்பினால் விமானத்தைப் புகைபோக்கிபோல் கணக்கிடும் பிழை வரும். விமானம் நகரும் மாசு மூலம், அதாவது மாசு வெளியாகும் இடமே நகர்கிறது. ஓடுபாதை நெடுக வரிசையான சிறு மூலங்களாகப் பிரித்து வைக்க வேண்டும். உமிழ்வும் கட்டத்துக்குக் கட்டம் மாறும்: அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ கணக்குக்கு வைத்திருக்கும் ஏறியிறங்கும் சுழற்சியில் தரையோட்டம் 26 நிமிடம், உந்துவிசை 7 விழுக்காடு, மேலெழுவது 0.7 நிமிடம், 100 விழுக்காடு. ஒரு கிலோ எரிபொருளுக்கு முன்னதில் கார்பன் மோனாக்சைடு மிகுதி, பின்னதில் நைட்ரஜன் ஆக்சைடு. ‘மாசுத்தோகை’ என்பேன்.
– பொறியாளர், சிப்பாங்

> மாசுத்தோகை

ஆங்கிலச் சொல்லுக்கும் இறகுதான் பொருள். அதையே பெயர்த்துவிட்டு ஆக்கம் என்பதா? வால்வெள்ளி உண்டு, பட்டத்துக்கு வால் உண்டு. ‘மாசுவால்’ போதும். தோகை ‘தொங்கு’ என்பதிலிருந்து வந்தது என்பது என் துணிபு; இது தொங்கவில்லை, மிதக்கிறது.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கிள்ளான்

ஐயா, வால் நுனியில் மெலியும். இது போகப் போக அகலும். மாசுச் செறிவைக் கணிக்கும் காசியன் சமன்பாட்டில் அகலத்தைக் காட்டும் சிக்மா குறுக்கே ஒன்று, செங்குத்தாக ஒன்று, தொலைவோடு இரண்டும் வளரும். விரிந்த தோகைதான் பொருந்தும். வேர் எதுவானால் என்ன, கரும்புத் தோகையும் தொங்கவா செய்கிறது?
– பொறியாளர்

தொங்குகிறது. காய்ந்தபின் பாருங்கள்.
– கிள்ளான்

மாசு காற்றில் கலந்து பரவும் ‘டிஸ்பெர்ஷன்’ (dispersion) என்ன ஆயிற்று? பரவல் என்றால் புள்ளியியல்காரர் சண்டைக்கு வருவார். சவ்வூடு பரவலும் இருக்கிறது. சிதறலை ஒளி எடுத்துக்கொண்டது. ‘விரவல்’?
– விரிவுரையாளர், கோலாலம்பூர்

விரவல் என்பது ‘டிஃப்யூஷன்’ (diffusion). பரவலே இருக்கட்டும். என் கவலை வேறு. அந்தக் காசியன் சமன்பாட்டில் காற்றின் வேகம் வகுக்கும் எண். இரவில் காற்று அசையாதபோது அது சுழியை நெருங்கும், செறிவு வரம்பின்றி ஏறும். அப்போது மாசு நீளாது, தேங்கும். அங்கே தோகையும் இல்லை, வாலும் இல்லை. கையேட்டில் அதற்கு ஒரு வரி வேண்டும்.
– பொறியாளர்

புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டதில் ஐவர் தோகை, இருவர் வால், ஒருவர் ‘புளூம்’ என்றே விடச் சொன்னார். மாசுத்தோகை, பரவல் என்று அனுப்பிவிட்டேன். தேக்கம் பற்றிய வரியும் உண்டு.
– மொழிபெயர்ப்பாளர்

தேர்வில் படம் வரையச் சொல்லுங்கள். பாதிப்பேர் மயிலைத்தான் வரைவார்கள்.
– கிள்ளான்