மொட்டைமாடியில் ஏசி அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது?

ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி, ஆர்32 என்ற குளிரூட்டும் கேஸ், பொருத்தி 8 மாதம் ஆகிறது. மாடியில் அவுட்டோர் யூனிட்டைக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி ஓரடி தள்ளி வைத்துவிட்டார்கள், அது ஊதும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்பவும் அதற்குள்ளேயே போகிறது, பின்பக்கம் கையை வைத்தாலே தெரிகிறது. மதியம் 2 மணிக்கு மேல் அறை குளிர்வதே இல்லை. அதோடு நேர் கீழே அம்மாவின் அறையில் ராத்திரி முழுக்க ரீங்காரம், பாவம், தூக்கமே போச்சு.

காயிலை (ஏசியின் குழாய்ச் சுருளை) கழுவியாச்சு, கேஸ் அழுத்தமும் சரியாக இருக்கிறது. ரப்பர் பேட் போட்டதில் சத்தம் கொஞ்சம்தான் குறைந்தது. நிழலுக்குப் போட்ட தகரம் காற்றை இன்னும் அடைத்ததால் கழற்றிவிட்டேன்.

தூண் வரும் மூலையில், திறந்த வெளியைப் பார்த்து வைக்க இடம் இருக்கிறது, ஆனால் செம்புக் குழாய் 5 மீட்டரிலிருந்து 14 மீட்டராகிவிடும். இருக்கிற இடத்திலேயே திருப்பி வைத்தால் போதுமா, இல்லை குழாய் நீண்டாலும் தூண் பக்கம் மாற்றுவதுதான் சரியா?