சேவல் காசில் 1247: இது என்ன ஆண்டு?

செம்புப்பித்தன்: பழைய காசுக் குவியலில் மலாயாச் செப்பு டோக்கன் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் சேவல், ஜாவி எழுத்து (மலாய் மொழியை எழுதும் அரபு வரிவடிவம்), மறுபக்கம் 1247. சோழர் காலமோ என்று ஒரு நொடி ஆடிப்போய்விட்டேன்! பச்சைக் களிம்பும் படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

நாணயத்தாத்தா: புளியைத் தொடாதீங்க தம்பி! அது இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி 1247, அதாவது நம் கணக்கில் கி.பி. 1831-32. சேவலைச் சுற்றி 'தானா மெலாயு', மலாய் நாடு என்று இருக்கும்; மறுபக்கம் 'சத்து கெப்பிங்', அதாவது ஒரு கெப்பிங்; கெப்பிங் என்பது அங்கத்திய சின்னச் செப்புக் காசு. சில்லறைக் காசு அங்கே போதாததால் சிங்கப்பூர் வணிகர்கள் இங்கிலாந்தில் அடித்து வரவழைத்தது, அரசுக் காசு அல்ல. சிலதில் 1411 என்றுகூட இருக்கும், அது அச்சுப் பிழை.

ஓரம்_தேய்ந்தது: பச்சை கெட்டியாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், அழகுதான். பொடியாக உதிர்ந்தால்தான் ஆபத்து, செம்பை அரித்துக்கொண்டே போகும், மற்ற காசுகளிடமிருந்து உடனே தள்ளி வையுங்கள். அப்புறம் பிவிசி பிளாஸ்டிக் உறையில் மட்டும் போடாதீர்கள், நான் போட்டு நாலு காசு பிசுபிசுத்துப் போச்சு.

செம்புப்பித்தன்: ஐயா, அரைப்பக்கம் ஏற்கெனவே தேய்த்துவிட்டேன்...

நாணயத்தாத்தா: சரி, மீதியையாவது விடுங்க.