பெங்களூரில் லைவ் ராக் எங்கே கிடைக்கும்?

கேள்வி:
கோரமங்களாவில் இருக்கிறேன். 200 லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. செராமிக் பாறைதான் போட்டேன், மீன் கழிவு அம்மோனியாவை உடைக்கிற பாட்டில் பாக்டீரியாவும் ஊற்றினேன், அம்மோனியா பூஜ்யம், ஆனாலும் தொட்டி மொட்டைமாடி மாதிரி வெறிச்சென்று கிடக்கிறது. புழு, கோபிபாட் (இறாலுக்குச் சொந்தமான பொடி உயிரி), ஸ்பாஞ்ச் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் நிஜமான லைவ் ராக், அதாவது உயிர்கள் குடியிருக்கும் கடல்பாறை, யாரிடம் இருக்கும்? ராமநாதபுரத்துச் சித்தப்பாவைக் கடலிலிருந்து எடுத்துவரச் சொல்லலாமா?

பதில் 1:
சித்தப்பாவை மாட்டிவிடாதீர்கள். 2001-லேயே பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், புலி இருக்கிற அதே அட்டவணை. லைவ் ராக் என்பது பெரும்பாலும் செத்த பவளக்கூடுதான், அதைப் பிடித்தாலும் வழக்குதான். கடையில் ரகசியமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பதில் 2:
பாறையே வேண்டாம், அதில் இருக்கிற உயிர்தானே வேண்டும்? நாலைந்து வருடமாக ஓடுகிற தொட்டி வைத்திருப்பவரிடம் சம்ப்பில் (மீன்தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) கிடக்கும் செராமிக் வளையம் பத்து, ஒரு கைப்பிடி மணல் கேளுங்கள். நான் இந்திராநகரில் ஒருவரிடம் வாங்கி, அவர் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு எடுத்துவந்தேன், டிராஃபிக்கில் ஒன்றரை மணிநேரம், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வாரம் ராத்திரி டார்ச் அடித்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் வெடுக் வெடுக்கென்று நகர்ந்தன. கோபிபாட்! அப்புறம், ஐப்டேசியா என்கிற தொல்லைபிடித்த கடற்சாமந்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழுப்பாக, குட்டித் தென்னைமரம் மாதிரி இருக்கும், பிய்த்தால் துணுக்கிலிருந்தும் முளைக்கும்.

கேள்வி கேட்டவர்:
சரி, சித்தப்பாவிடம் கருவாடு மட்டும் கேட்கிறேன். பழைய சம்ப் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், வாளியோடு வருகிறேன்.