மார்ச்சில் டிஸ்சார்ஜ், குடும்பம் பெங்களூரில்: பாதி பென்ஷனைக் கம்யூட் பண்ணி மொத்தமா எடுக்கலாமா?

வேலூர்_சாப்பர்:

எல்லாருக்கும் வணக்கம். ராணுவத்துல மெட்ராஸ் சாப்பர்ஸ் (இன்ஜினியர் ரெஜிமென்ட்), ஹவில்தார். ட்ரேடு ஓ.இ.எம்., அதாவது டோசர், ஜே.சி.பி. ஓட்டறது. 24 வருஷ சர்வீஸ், மேல 2 வருஷம் எக்ஸ்டென்ஷன், எல்லாம் வர்ற மார்ச் 31ஓட முடியுது. சொந்த ஊர் வேலூர் பக்கம். குடும்பம் ஒன்பது வருஷமா லிங்கராஜபுரத்துல வாடகைக்கு இருக்கு. பொண்ணு பத்தாவது, பையன் ஆறாவது. ஊருக்குப் போயிடலாம்னு பேச்செடுத்தா ரெண்டும் கன்னடத்துல ஏதோ பேசிக்கிட்டு எழுந்து போயிடுதுங்க.

போன லீவுல வீட்டுக்காரி கரண்ட் பில்லைக் கையில குடுத்து "கட்டிட்டு வாங்க"ன்னா. சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு, எந்த ஆபீஸ்னு பையன்கிட்ட கேட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே போன்ல கட்டிட்டான். சாப்பாடு லங்கர்ல, துணி ஸ்டோர்ல, படுக்க பேரக்ல ஒரு கட்டில்னே 26 வருஷம் ஓடிப்போச்சு. ஒரு சிலிண்டர் என்ன விலைன்னு தெரியாது எனக்கு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

பென்ஷன் பேசிக் சுமார் 24,000 வரும்னு கிளார்க் சொல்றார். பாதியைக் கம்யூட் பண்ணி, அதாவது முன்கூட்டியே மொத்தத் தொகையா வாங்கி, மச்சான் காட்டுற ஹொஸ்கோட்டே பக்கத்து சைட்டை வாங்கிப் போடலாமா? இன்னொண்ணு வேலை. யாரைக் கேட்டாலும் "செக்யூரிட்டிக்குத்தானே போவே"ங்கறாங்க. அதைக் குறைச்சுச் சொல்லல. ஆனா டோசர் லீவர் பிடிச்ச கை, கேட்டைத் திறந்து மூடறதுக்கான்னு மனசு முரண்டு பண்ணுது.

தாமஸ்டவுன்_சுபேதார்:

வணக்கம் தம்பி. முதல்ல கணக்கு. அடுத்த பிறந்தநாள்ல உனக்கு 45 வயசுன்னா கம்யூட்டேஷன் டேபிள்ல அந்த வயசுக்கான பெருக்கு எண் 8.996. பாதி பென்ஷன் 12,000. 12,000 × 12 × 8.996 = 12,95,424 ரூபா. இது மொத்தமா கைக்கு வரும், வரி கிடையாது. பதிலுக்கு மாசம் 12,000 வீதம் 15 வருஷம் பிடிப்பான், கூட்டினா 21,60,000. நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய ஏழரை வட்டிக் கடன் மாதிரி வருது. டி.ஏ. மட்டும் முழு 24,000க்கும் கிடைக்கும். நடுவுல உனக்கு ஏதாச்சும் ஆனா வீட்டுக்காரிக்குப் போற ஃபேமிலி பென்ஷன்ல இந்தப் பிடித்தம் வராது. அதனால வீடு, பொண்ணு படிப்புன்னு எப்படியும் கடன் வாங்கத்தான் போறேன்னா இதை எடு. எடுத்து எஃப்.டி.ல போடறதுக்குன்னா, வேண்டாம்.

சைட் விஷயத்துல நான் பட்டவன். என் கிராச்சுட்டியில பெரும்பகுதியை ஒரு ரெவின்யூ சைட்ல, அதாவது லே-அவுட் அப்ரூவல் இல்லாத மனையில போட்டேன். பி காத்தா, அதாவது முழு அங்கீகாரம் இல்லாத சொத்துப் பதிவு. "சார், இன்னும் ஆறு மாசத்துல ஏ காத்தா ஆயிடும்"னு விற்றவன் சொன்னான். அதுக்கப்புறம் எத்தனையோ ஆறு மாசம் போச்சு. லோன் கேட்டா பேங்க்ல பேப்பரைப் பார்த்துட்டு மடிச்சுத் திருப்பிக் குடுத்துடறாங்க. இப்ப அங்க ஆள் உயரத்துக்கு எருக்கஞ்செடி. மச்சான் காட்டுறார்னா அவருக்குக் கமிஷன் எவ்வளவுன்னு கேளு. கோவிச்சுக்கிட்டா பதில் கிடைச்சுடுச்சு. ஒரு வருஷம் எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்து போடாதே.

இதை எல்லாத்தையும்விட அவசரம், பேரு. நம்மாளுங்களுக்கு இனிஷியல்தான் சனி. என் சர்வீஸ் ரெக்கார்டுல வீட்டுக்காரி பேரு அவ அப்பா பேரோட ஒட்டி நீளமா இருந்தது. ஆதார்ல பேருக்குப் பின்னாடி ஒத்தை எழுத்து. பிறந்த தேதியிலயும் ஒரு வருஷம் வித்தியாசம். இ.சி.எச்.எஸ். (எக்ஸ் சர்வீஸ்மேன் மருத்துவத் திட்டம்) கார்டு விண்ணப்பம் மூணு தடவை திரும்பி வந்தது. சர்வீஸ்ல இருக்கும்போதே யூனிட் கிளார்க்கைப் பிடிச்சு ரெக்கார்டைத் திருத்தற ஒரு பார்ட் டூ ஆர்டர் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். வெளியே வந்ததால அபிடவிட், நோட்டரி, ரிஜிஸ்டர் தபால்னு ஏழு மாசம் அலைஞ்சேன். இன்னைக்கே ஆதார், பான், பேங்க் பாஸ்புக், பசங்க பர்த் சர்டிபிகேட், உன் ஷீட் ரோல் (சர்வீஸ் ரெக்கார்டு) எல்லாத்தையும் வரிசையா விரிச்சு வெச்சு எழுத்துக்கெழுத்து ஒத்துப் பாரு. பென்ஷன் அக்கவுண்ட்ல உன் வீட்டுக்காரி பேரையும் சேர்த்து ஜாயின்டா வெச்சுக்க. ஸ்பர்ஷ் (பென்ஷன் வெப்சைட்) பாஸ்வேர்டு உன் மண்டைக்குள்ள மட்டும் இருக்கக் கூடாது.

ஜாலஹள்ளி_ஏர்மேன்:

நான் ஏர்ஃபோர்ஸ். இப்ப ஒரு அரசு பேங்க்ல கிளார்க். அரசு பேங்க்ல குரூப் சி-ல எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு 14.5% ஒதுக்கீடு, மத்திய அரசு ஆபீஸ்ல 10%. வயசைப் பத்திக் கவலை வேண்டாம், சர்வீஸ் வருஷத்தைக் கழிச்சு, மேல 3 வருஷம் சலுகை. டிகிரி இல்லேன்னாலும் பத்தாவதோட 15 வருஷ சர்வீஸை டிகிரிக்குச் சமமா எடுத்துக்கற போஸ்ட் நிறைய இருக்கு. டிஸ்சார்ஜுக்கு ஒரு வருஷம் முன்னாடியே என்.ஓ.சி. வாங்கி அப்ளை பண்ணலாம், அதனால நீங்க இப்பவே ஆரம்பிக்கலாம். சம்பளம் வந்தாலும் பென்ஷன் நிக்காது.

கர்நாடகாவுல பேங்க் கிளார்க்னா கன்னடம் எழுதப் படிக்கத் தெரியணும். எனக்கு என் பொண்ணுதான் டீச்சர். தப்பா எழுதினா தலையில குட்டுவா.

உங்க ட்ரேடையும் விட்டுடாதீங்க அண்ணே. சிவில் லைசென்ஸை இப்பவே எடுத்து, அதுல எக்ஸ்கவேட்டரைச் சேர்த்துடுங்க. டி.ஜி.ஆர்., அதாவது ஓய்வு பெறறவங்களுக்கு மறுவேலைக்கு உதவற ராணுவ இயக்ககம், நடத்தற கோர்ஸ் ஜவான்களுக்கு இலவசம், சர்வீஸ்ல இருக்கும்போதே முடிச்சுடலாம். இந்த ஊர்ல எந்தத் தெருவுல பார்த்தாலும் ஒரு ஜே.சி.பி. தோண்டிக்கிட்டுத்தான் நிக்குது!

அல்சூர்_அக்கா:

நான் பட்டாளத்துக்காரர் சம்சாரம். பணம், பேப்பர் பத்தியெல்லாம் ஆம்பளைங்க சொல்லிட்டாங்க. தம்பி, முதல் மூணு மாசம் வாயைத் திறக்காம இருங்க.

எங்க வீட்டுக்காரர் வந்த முதல் வாரம் காலையில நாலரைக்கு எழுந்து டீ போட்டார். பத்துப் பேருக்கான டீ. பழக்கதோஷம். பசங்க போர்வையை மூலை மடிச்சு வைக்கலேன்னு கத்தினார். காலேஜ் போற பையன் எட்டரைக்கு வந்தா வாசல்ல நின்னு ரிப்போர்ட் கேட்டார். நான் பதினெட்டு வருஷம் தனியா நடத்தின வீடு அது. ராத்திரி ரெண்டு மணிக்குக் காவேரித் தண்ணி வரும்போது எழுந்து மோட்டார் போட்டவ நான். ஒருநாள் மளிகை லிஸ்ட்டைத் திருத்தினார் பாருங்க, லிஸ்ட்டு, பை, பர்ஸ் மூணையும் கையில குடுத்து அனுப்பினேன். துவரம்பருப்பு விலையைப் பார்த்துட்டு வெறும் பையோட வந்து சோபாவுல உட்கார்ந்தார். அன்னையில இருந்து தண்ணி மோட்டார் அவர் டியூட்டி.

வேலூர்_சாப்பர்:

சுபேதார் சாப், நேத்தே விரிச்சுப் பார்த்தேன். வீட்டுக்காரி பேரு சரியா இருக்கு. பையன் பேர்ல ஒரு 'எச்' கூட இருக்கு, பொண்ணு பிறந்த மாசமே வேற. கிளார்க் திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கார். மச்சான்கிட்ட கமிஷன் கேட்டேன். போனை வெச்சுட்டார்.

அக்கா, ஒரு சந்தேகம். பேரு, நம்பர் எழுதின கருப்புப் பெட்டி ரெண்டு என்கிட்ட இருக்கு. வாடகை வீட்டுல இடமில்ல, தூக்கிப் போடவும் மனசு வரல. நீங்க என்ன பண்ணீங்க?

அல்சூர்_அக்கா:

அரிசி கொட்டி வெச்சிருக்கேன். 25 கிலோ பை ரெண்டு கொள்ளுது, எலி தொல்லையும் இல்ல. அடியில வேப்பிலை போடுங்க.