டீத்தூள் கடையை கூகுள் மேப்பில் எந்த வகையில் போடுவது? தொழிற்சாலை என்று நினைத்து ஆட்கள் வருகிறார்கள்

அப்புத்தளை மருமகன்:
வணக்கம். மாமாவின் கடை அப்புத்தளை டவுனில், லிப்டன் சீட் போகிற பாதையில் இருக்கிறது. முன்பக்கம் டீத்தூள் விற்பனை. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று தூள் தரங்கள் எல்லாம் பெரிய டின்களில் இருக்கும், கேட்கிற அளவு நிறுத்துக் கொடுப்போம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குப் பக்கெட்டும் உண்டு. உள்ளே மூன்று மேசை போட்டு பிளேன்டீ, பால் டீ கொடுக்கிறோம், காலையில் உளுந்து வடையும் இருக்கும். மாடியில் இரண்டு அறை, சீசன் நேரத்தில் வாடகைக்கு விடுவோம்.

மேப்பில் கடையை ஏற்றிக் கொடுத்த பையன் முதன்மை வகையாக 'தேயிலை உற்பத்தியாளர்' என்று போட்டிருக்கிறான். அதற்குக் கீழே ஹோட்டல், ரெஸ்டோரண்ட், காபி ஷாப், பரிசுப்பொருள் கடை, சுற்றுலாத் தலம் என்று இடம் இருந்த வரைக்கும் நிரப்பியிருக்கிறான். இப்போது த்ரீவீலில் வந்து இறங்குகிறவர்கள் "ஃபேக்டரி டூர் எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறார்கள். ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்து, "மெஷின் எதுவும் இல்லை, அலமாரிதான் இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போனார். அலமாரி போட்டோவும் சேர்த்து! இரவு பத்து மணிக்கு அறை கேட்டு போன் வருகிறது. ஆனால் டவுனில் நின்று டீத்தூள் கடை தேடினால் எங்கள் கடை கண்ணில் படுவதே இல்லை.

எதை முதன்மையாக வைப்பது, எவற்றை எடுப்பது? வகையை மாற்றினால் இதுவரை வந்த நல்ல விமர்சனங்கள் போய்விடுமா என்று மாமா பயப்படுகிறார்.

ஊவாக்காரன்:
எதையும் எடுக்காதீர்கள் பாஸ். பத்து வகை இருந்தால் பத்துத் தேடலிலும் வருவீர்கள். முதலில் இருப்பதை மட்டும் மாற்றுங்கள்.

ஹட்டன் பிரிண்டர்:
ஊவாக்காரன் சொல்வதைக் கேட்காதீர்கள். நான் இங்கே பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன், போர்டு அடிக்க வருகிறவர்களுக்கு மேப் வேலையும் செய்து கொடுக்கிறேன். இந்தப் பத்து வகை வியாதியை வாரம் ஒரு கடையிலாவது பார்க்கிறேன்.

கூகுள் கொடுப்பது ஒரு முதன்மை வகை, அதற்கு மேல் 9 கூடுதல் வகை. அது உச்சவரம்பு, நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. கடையை விவரிக்க எவ்வளவு குறைவாகப் போட முடியுமோ அவ்வளவு போடுங்கள் என்றுதான் அவர்களுடைய விதியே சொல்கிறது. சோதிக்க ஒரு வழி இருக்கிறது: "எங்கள் கடை ஒரு..." என்று வாக்கியத்தைத் தொடங்குங்கள். "எங்கள் கடை ஒரு தேயிலைக் கடை", சரி. "எங்கள் கடை ஒரு சுற்றுலாத் தலம்" என்று மாமா வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்வாரா? "எங்கள் கடையில் இன்னது இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்ல முடிகிறதென்றால் அது வகை இல்லை. பார்க்கிங், வைஃபை, வெளியே உட்காரும் இடம் போன்றவைக்கு 'பண்புகள்' என்று தனிப் பகுதி உண்டு. பி.ஓ.பி.எஃப். 250 கிராம் என்ன விலை என்பதை 'தயாரிப்புகள்' பகுதியில் போட்டோவோடு ஏற்றலாம்.

வகைப் பெயரை நாமாக உருவாக்க முடியாது, அவர்களுடைய பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் ஆங்கிலத்தில் தட்டித் தேடிப் பாருங்கள். 'டீ ஸ்டோர்' என்றால் தூள் விற்கும் கடை, 'டீ ஹவுஸ்' என்றால் உட்கார்ந்து குடிக்கும் இடம். இரண்டும் தனித்தனி. நீங்கள் ஆங்கிலத்தில் தேர்ந்தெடுத்தாலும் பார்க்கிறவருடைய போன் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் காட்டும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

முதன்மை எது என்பதற்கு கல்லாவைப் பாருங்கள். காசு கொடுக்கிறவர்களில் பெரும்பாலானோர் எதற்குக் கொடுக்கிறார்கள்? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தூளுக்குத்தான். அப்படியென்றால் முதன்மை டீ ஸ்டோர், கூடுதலாக டீ ஹவுஸ். அவ்வளவுதான். மூன்று மேசைக்கு ரெஸ்டோரண்ட் வேண்டாம். சோறு கேட்டு வந்து, இல்லை என்றதும் இன்னொரு ஒற்றை நட்சத்திரம் விழும்.

ஹோட்டலை இன்றைக்கே எடுங்கள். நம் பக்கம் சோற்றுக் கடைக்கும் ஹோட்டல் என்றுதான் போர்டு எழுதுகிறோம், ஆனால் மேப்புக்கு அது தங்குமிடம் மட்டும்தான். ஹோட்டல் முதன்மையாக இருக்கும் பக்கமே வேறு மாதிரி ஆகிவிடும். எந்தத் தேதியில் வருகிறீர்கள், எத்தனை பேர், அறை விலை என்ன என்று கேட்க ஆரம்பிக்கும், கடை திறக்கிற நேரத்துக்குப் பதிலாக செக்-இன் நேரம் முன்னால் வரும். தலவாக்கலைப் பக்கம் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடைக்கு இதே கதைதான். வகையைத் திருத்திய பிறகுதான் அந்தக் கடைக்காரர் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

விமர்சனம் எங்கேயும் போகாது. அது கடையின் பக்கத்தோடு ஒட்டியிருப்பது, வகையோடு அல்ல. ஆனால் வகையை மாற்றினால் சில நேரம் கடையை மறுபடி உறுதிப்படுத்தச் சொல்வார்கள். அதற்குத் தயாராக இருங்கள்.

பழைய டீமேக்கர்:
தம்பி, உற்பத்தியாளர் என்றால் கொழுந்து வந்து இறங்க வேண்டும். வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, டிரையரில் போட்டு, சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஃபேக்டரிக்கு தேயிலைச் சபையில் எம்.எஃப். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். வாங்கி நிறுத்து விற்கிறவர் வியாபாரி, அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. உங்கள் பாதையிலேயே மேலே போனால் 1890இல் லிப்டன் கட்டிய தம்பேதன்னை ஃபேக்டரி இருக்கிறது. டூர் கேட்டு வருகிறவர்களை அங்கே அனுப்புங்கள். திரும்பி வரும்போது உங்களிடம் தூள் வாங்குவார்கள்.

அப்புத்தளை மருமகன்:
ரொம்ப நன்றி அண்ணா. டீமேக்கர் ஐயாவுக்கும். மாமா கல்லாவைப் பார்க்கவே இல்லை, கேட்டதும் "தூள்தான்" என்றார். மாடி அறைகளை என்ன செய்வது? அவற்றுக்கு 'கெஸ்ட் ஹவுஸ்' என்று கூடுதல் வகை போடலாமா?

எல்ல அக்கா:
நான் ஹோம்ஸ்டே நடத்துகிறேன், இதற்கு நான் சொல்கிறேன். அறைக்குப் போக வெளியே தனிப் படி இருக்கிறதா? தனிப் பெயர், தனி போர்டு இருக்கிறதா? இருந்தால் அறைகளுக்கென்று இன்னொரு பக்கமே தொடங்கலாம். ஒரே கட்டடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. பெயரும் வகையும் வேறாக இருக்க வேண்டும், வருகிறவர் நேராக அதற்குள் போகிற மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைக்குள்ளே புகுந்து தூள் டின்னைத் தாண்டித்தான் படி ஏற வேண்டுமென்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அறை முன்பதிவுத் தளங்களில் மட்டும் போடுங்கள்.

இன்னொன்று. கெஸ்ட் ஹவுஸ் வேறு, ஹோம்ஸ்டே வேறு. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்தால்தான் ஹோம்ஸ்டே. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் பதிவு செய்கிறார்கள். அங்கே எப்படிப் பதிந்திருக்கிறீர்களோ அப்படியே மேப்பிலும் போடுங்கள். வந்து இறங்கும் ஆள் உங்கள் வீட்டுக் குசினியில் சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்து வருகிறாரா, சாவியை வாங்கிக்கொண்டு தன் பாட்டுக்கு இருக்கலாம் என்று வருகிறாரா என்பதே அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

அப்புத்தளை மருமகன்:
படி கடைக்குள்தான் அக்கா. அப்போது அறையை விட்டுவிடுகிறேன்.

டீ ஸ்டோர், டீ ஹவுஸ் இரண்டை மட்டும் வைத்துச் சேமித்தேன். ஹட்டன் அண்ணா சொன்ன மாதிரியே வீடியோ எடுத்து உறுதிப்படுத்தச் சொல்கிறது. இன்னொரு சிக்கல்: மேப்பில் கடைப் பெயரோடு 'சிலோன் டீ ஃபேக்டரி அவுட்லெட் அப்புத்தளை' என்று ஒட்டியிருக்கிறது. போர்டில் மாமா பெயரும் 'தேயிலை வியாபாரம்' என்பதும் மட்டும்தான், தமிழிலும் சிங்களத்திலும். பெயரையும் இப்போதே மாற்றவா?

ஹட்டன் பிரிண்டர்:
மாற்றத்தான் வேண்டும். போர்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். ஊர்ப் பெயர், ஃபேக்டரி, பெஸ்ட், சிலோன் என்று தேடலுக்காக ஒட்டினால் பக்கத்தையே முடக்கிவிடலாம். வகையைச் சரியாகப் போட்டுவிட்டு பெயரில் ஃபேக்டரி என்று வைத்திருந்தால் டூர் கேட்கிறவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். வீடியோவில் போர்டும் மேப்பில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் முதலில் பெயரைத் திருத்துங்கள், பிறகு வீடியோ.

வீடியோவை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். முதலில் பாதையும் பக்கத்துக் கடைகளும் தெரியட்டும், அப்புறம் போர்டு, அப்புறம் உள்ளே தராசு, டின்கள். கடைசியில் மாமா கல்லாவைத் திறப்பதையோ ஷட்டரைச் சாவி போட்டுத் திறப்பதையோ காட்டுங்கள். கடையை நடத்துகிறவர் நீங்கள்தான் என்பதற்கு அது வேண்டும். மூடுபனி இறங்குவதற்கு முன் காலையிலேயே எடுத்துவிடுங்கள். போன மாதம் ஒருவர் நுவரெலியாவில் எடுத்த வீடியோவில் போர்டு வெள்ளை வெளேர் என்று இருந்தது, எழுத்து ஒன்றுமே தெரியவில்லை.

ஊவாக்காரன்:
சரி, நானும் பத்தை மூன்றாக்கிவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். என் கடை கொமியூனிகேஷன். போட்டோகாப்பி, ரீலோட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பட்டியலில் 'டெலிகொமியூனிகேஷன்' என்று ஏதோ வந்தது, அதைப் போட்டேன். சரியா?

ஹட்டன் பிரிண்டர்:
அது டயலொக், மொபிடெல் மாதிரி இணைப்புக் கொடுக்கிறவர்களுக்கு. சிக்னல் இல்லை என்று உங்களிடம் சண்டைக்கு வருவார்கள். போட்டோகாப்பி எடுக்கிற ஆள்தான் அதிகம் என்றால் 'கொபி ஷாப்' (copy shop) என்று தேடுங்கள். எழுத்தைக் கவனமாகத் தட்டுங்கள், இல்லாவிட்டால் காபிக் கடை ஆகிவிடும்! போட்டோவுக்கு 'பாஸ்போர்ட் போட்டோ' என்று தனி வகையே இருக்கிறது.

மலைநடையன்:
அப்புத்தளை மருமகனுக்கு ஒரு விஷயம். பெக்கோ ட்ரெய்ல் என்ற தேயிலை மலைப் பாதையில் நடக்கிற வெளிநாட்டவர்களில் நிறையப் பேர் கூகுள் பார்ப்பதில்லை. தோட்டத்துக்குள் சிக்னல் இருக்காது என்று ஓர்கானிக் மேப்ஸ் மாதிரி ஓஃப்லைன் ஆப்தான் வைத்திருக்கிறார்கள். அதற்கு விவரம் வருவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து. அங்கே யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து கடையைக் குறிக்கலாம். தூள் விற்கும் இடத்துக்கு 'ஷாப்' என்ற சாவியில் (விவரத்தின் தலைப்பை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) 'டீ' என்று கொடுக்க வேண்டும், மேசைப் பகுதியைத் தனிப் புள்ளியாக வைத்து 'அமெனிட்டி' சாவியில் 'கஃபே' என்று கொடுக்கலாம். திறக்கும் நேரத்தையும் சேர்த்துவிடுங்கள், நடந்து வருகிறவர்களுக்கு முக்கியம் அதுதான். கூகுள் மேப்பைப் பார்த்து அங்கே நகலெடுக்கக் கூடாது, உரிமப் பிரச்சினை. நீங்கள் கடையிலேயே இருப்பதால் நேரில் பார்த்துப் போடலாம்.

அப்புத்தளை மருமகன்:
இன்று காலை பெயர் மாறிவிட்டது, வீடியோவும் அனுப்பிவிட்டேன், 'பரிசீலனையில்' என்று காட்டுகிறது. ஒரே ஒரு கேள்வி. பழைய வகையை வேறு யாராவது திரும்பப் போட்டுவிட முடியுமா?

ஹட்டன் பிரிண்டர்:
முடியும். மேப் பார்க்கிற யாரும் 'திருத்தம் பரிந்துரை' கொடுக்கலாம், சில நேரம் கூகுளே தானாக மாற்றும். மாறினால் உங்கள் கணக்குக்கு அறிவிப்பு வரும், ஏற்கவோ நிராகரிக்கவோ செய்யலாம். கணக்கு அந்தப் பையனுடைய மின்னஞ்சலில் இருந்தால் அறிவிப்பும் அவனுக்குத்தான் போகும். முதலில் உங்களையோ மாமாவையோ உரிமையாளராகச் சேர்த்து, அவனை மேலாளராக இறக்குங்கள்.