செயினை மட்டும் மாற்றினால் போதுமா, ஸ்பிராக்கெட்டும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

உப்புக்காத்து:

வணக்கம். எனக்கு ஊர் வேதாரண்யம். தினமும் திருத்துறைப்பூண்டிக்கு வேலைக்கு வண்டியில்தான் போய் வருகிறேன். ஊர்ப் பக்கம் முழுக்க உப்பளக் காற்று, மழை பிடித்துவிட்டால் சேறு. வண்டி 150 சிசி, பின்னாடி டிரம் பிரேக், முழுக் கவர் கிடையாது, செயின் வெளியே தெரியும். 22,000 கி.மீ. தாண்டிவிட்டது. செயினும், அது ஓடுகிற முன், பின் பல் சக்கரங்களான இரண்டு ஸ்பிராக்கெட்டும் வண்டியோடு வந்தவைதான்.

கொஞ்ச நாளாக, மெதுவாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அடியிலிருந்து ‘கடக் கடக்’ என்று ஒரு சத்தம். செயினை டைட் வைத்தால் குறைகிறது, ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. அது போக, சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஓர் இடத்தில் செயின் விறைத்து நிற்கிறது, இன்னோர் இடத்தில் தொங்குகிறது. எந்த இடத்தைக் கணக்கில் வைத்து டைட் வைப்பது என்றே புரியவில்லை.

ஒரு பட்டறையில் காட்டினேன். பின் ஸ்பிராக்கெட்டைக் குனிந்து பார்த்துவிட்டு “பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, செயினை மட்டும் மாத்திக்கலாம்” என்றார்கள். வேறோர் இடத்தில் “ரெண்டு கண்ணியை வெட்டி எடுத்துட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்” என்கிறார்கள். செலவு குறைந்தால் எனக்கு நல்லதுதான், ஆனால் ஓட்டத்தில் அறுந்து பின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டால் என்ன கதி? முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டுமா? மாற்றிய பிறகு இந்த உப்புக் காற்றுக்கு எதைத் தடவுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_செட்:

தம்பி, கண்ணியை வெட்டும் யோசனையை முதலில் தூக்கிப் போடுங்கள். இத்தனை வருடமாகப் பட்டறையில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது வண்டிக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

செயின் நீளமாகிவிட்டது என்றால் இரும்பு இழுபட்டு நீண்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு பின்னும் அதைச் சுற்றி ஒரு புஷ்ஷும் (சின்னக் குழாய்) இருக்கின்றன. அவை உரசித் தேய்ந்து இடைவெளி விழுகிறது. நூறு கண்ணிக்கு மேல் இருக்கிற செயினில் ஒவ்வொன்றிலும் இம்மியளவு இடைவெளி விழுந்தாலே மொத்தத்தில் விரல் அகலத்துக்கு மேல் வந்துவிடும். நீங்கள் இரண்டு கண்ணியை வெட்டினால் மொத்த நீளம்தான் குறையும், மிச்சமிருக்கிற கண்ணிகளுக்கு நடுவே உள்ள தூரம் அப்படியேதான் இருக்கும், அது பல்லில் சரியாக உட்காராது.

சந்தேகமிருந்தால் அளந்து பாருங்கள். 428 செயினாகத்தான் இருக்கும், பக்கத் தகட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். அதில் ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையத்துக்கு 12.7 மி.மீ. செயினை நன்றாக இழுத்துப் பிடித்து, ஒரு பின்னிலிருந்து எண்ணி 21-வது பின்வரை அளங்கள். நடுவில் 20 இடைவெளி, புதுச் செயினில் 254 மி.மீ. வர வேண்டும். 259 வந்துவிட்டால் 2 சதவீதம் போய்விட்டது, அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடாதீர்கள், சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பாருங்கள். எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி தேயாது, அதனால்தான் ஓர் இடத்தில் விறைப்பு, ஓர் இடத்தில் தொங்கல்.

அப்புறம், பின் ஸ்பிராக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்வது சரியே இல்லை. முன் ஸ்பிராக்கெட் சின்னது, பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அது ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றிவிடும். அதனால் அதன் ஒவ்வொரு பல்லும் மூன்று மடங்கு வேலை பார்க்கிறது, தேய்மானமும் அங்கேதான் முதலில். இடது பக்கக் கவரைக் கழற்றி, உள்ளே கட்டியாக உறைந்திருக்கும் கறுப்புச் சேற்றை ஸ்க்ரூ டிரைவரால் வழித்துவிட்டு ஒரு பல்லை உற்றுப் பாருங்கள். பல்லின் இரண்டு சரிவும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒரு பக்கம் சரிந்து சுறாத் துடுப்பு மாதிரி வளைந்திருந்தால் அதன் கதை முடிந்தது. அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டால் புதுச் செயினையும் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தின்றுவிடும். செட்டாகத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்வது இதனால்தான், கடைக்காரனுக்கு வியாபாரம் ஆக வேண்டும் என்பதற்காக இல்லை.

மூணாவது_கியர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். விறைப்பு செயினால் வருகிறதா, ஸ்பிராக்கெட் கோணலாக இருப்பதால் வருகிறதா என்று சாக்பீஸை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். விறைப்பாக நிற்கும்போது டயரில் ஒரு கோடு, செயினில் ஒரு கோடு போடுங்கள். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்துக்கு வரும்போது விறைத்தால் பின் ஸ்பிராக்கெட்டையோ அதன் பேரிங்கையோ பார்க்க வேண்டும். ஏறக்குறைய மூன்று சுற்றுக்கு ஒருமுறை, செயினில் போட்ட கோடு அதே இடத்துக்கு வரும்போது மட்டும் விறைத்தால் செயின்தான். 120 கண்ணி, பின்னாடி 42 பல் என்று வைத்துக்கொண்டால் செயின் ஒரு முழுச் சுற்று வர சக்கரம் மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்ற வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

அண்ணே, எனக்கும் ஒரு கேள்வி. செட் மாற்றும்போது முன்னாடி 14 பல்லுக்குப் பதில் 15 போட்டால் மைலேஜ் கூடும் என்கிறார்களே?

ஸ்பேனர்_செட்:

14-க்குப் பதில் 15 போட்டால் கியர் 7 சதவீதம் உயரும். 42 பல்லை 14 ஆல் வகுத்தால் 3, 15 ஆல் வகுத்தால் 2.8, பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற முன் ஸ்பிராக்கெட் அத்தனை சுற்று சுற்ற வேண்டும். நேர் ரோட்டில் தனியாக ஒரே சீராகப் போகிறவருக்கு என்ஜின் கொஞ்சம் நிதானமாக ஓடும். ஆனால் பின்னாடி ஆளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினால் இழுக்காது, கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து ஓட்ட வேண்டிவரும். டவுனில் ஓட்டுகிறவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை. கம்பெனி கொடுத்த பல் எண்ணிக்கையையே போடுங்கள், ஸ்பிராக்கெட்டிலேயே எண் அடித்திருக்கும்.

கோடியக்கரை_ரோடு:

எண்ணெய் பற்றி நான் சொல்கிறேன், நானும் அதே காற்றில் வண்டி ஓட்டுகிறவன்தான். நம் பக்கம் செயின் வறண்டிருந்தால் ஒரே ராத்திரியில் பழுப்பேறிவிடும். எல்லோரும் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பார்கள், மழையில் நனைந்தால் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, அன்று சாயங்காலமே துடைத்து எண்ணெய் போட்டுவிட வேண்டும்.

மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், துணி, இவ்வளவு போதும். பெட்ரோல் வேண்டாம், கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், முக்கியமாக ஓ-ரிங் செயினாக இருந்தால். தகடுகளுக்கு நடுவே சின்னக் கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங், உள்ளே கம்பெனியில் வைத்த கிரீஸை அந்த வளையம்தான் காப்பாற்றுகிறது. அது கிழிந்தால் கிரீஸ் போச்சு. துடைத்துக் காயவைத்த பிறகு 90 நம்பர் கியர் ஆயிலைக் கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சக்கரம் சுற்றும்போது அதுவே வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். ஓட்டிவிட்டு வந்த சூட்டில் போட்டு, ராத்திரி ஊறவிட்டுக் காலையில் மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் மணல் ஒட்டும், மணலும் எண்ணெயும் சேர்ந்தால் அரம்தான்.

என்ஜினில் வடித்த வேஸ்ட் ஆயிலை ஊற்றாதீர்கள். பட்டறைகளில் சும்மா கிடைக்கிறது என்று ஊற்றுவார்கள், அதில் கரியும் இரும்புத் தூளும் இருக்கிறது.

இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: செயின் துடைக்கும்போது என்ஜின் ஓடக் கூடாது. கியரைப் போட்டுச் சக்கரத்தை ஓடவிட்டுத் துணியை வைத்துப் பிடிக்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது. துணி ஸ்பிராக்கெட்டில் மாட்டினால் விரலும் சேர்ந்துதான் உள்ளே போகும். நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றுங்கள், சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உப்புக்காத்து:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அளந்து பார்த்தேன். தொங்குகிற இடத்தில் 260 வருகிறது, விறைப்பான இடத்தில் 257. முன் கவரைக் கழற்றினால் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகிவிட்டன, பின்னாடி மட்டும் பார்த்திருந்தால் தெரிந்தே இருக்காது. முழு செட்டும் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேறொரு பட்டறையில் உட்கார்ந்து கூட இருந்தே மாட்டப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் அண்ணே?

ஸ்பேனர்_செட்:

நல்ல முடிவு. பழைய செயின் மாட்டியிருக்கும்போதே முன் ஸ்பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டால் ஸ்பிராக்கெட் சுற்றாமல் நிற்கும். செயினைக் கழற்றிய பிறகு தளர்த்தப் போனால் பிடிமானம் இருக்காது, சுத்தியலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சக்கரம் கழன்றதும் ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுப்பகுதி) இருக்கும் கப்ளிங் ரப்பரைப் பாருங்கள், ஸ்பிராக்கெட்டின் இழுப்பைச் சக்கரத்துக்கு அதிர்வில்லாமல் கடத்துவது அதுதான். நசுங்கி, பின் ஸ்பிராக்கெட் கையால் ஆட்டினாலே முன்னும் பின்னும் ஆடினால் அதையும் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. நீங்கள் சொன்ன ‘கடக்’ சத்தத்தில் பாதி அதிலிருந்தும் வந்திருக்கலாம்.

செயினின் இரண்டு முனையையும் இணைக்கிற கிளிப்பான செயின் லாக் போடும்போது அதன் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும், பிளந்த பக்கம் பின்னால். மாற்றிப் போட்டால் கல்லோ கம்பியோ பட்டு லாக் கழன்றுவிடும். லூஸ், அதாவது செயின் மேலும் கீழும் ஆட வேண்டிய அளவு, எவ்வளவு என்பதை வண்டிப் புத்தகத்தில் பாருங்கள், இந்த மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. கீழ்ச் செயினின் நடுவில், விறைப்பான இடத்தில்தான் அளக்க வேண்டும். சத்தம் வரக் கூடாது என்று இழுத்துக் கட்டிவிடாதீர்கள். ஆள் உட்கார்ந்து ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஏறும்போது செயின் இன்னும் இறுகும், அந்த இழுப்பு முழுக்க கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். இரண்டு பக்க அட்ஜஸ்டரிலும் கோடு ஒரே எண்ணிக்கையில் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

டிரம் பிரேக் என்பதால் இன்னொன்று. சக்கரம் முன்னே பின்னே நகர்ந்தால் பிரேக் ராடின் அளவும் மாறிவிடும். புதுச் செயினுக்குச் சக்கரம் முன்னால் வரும், பிரேக் லூஸாகும். பெடல் எவ்வளவு இறங்குகிறது, பிரேக் லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பட்டறையை விட்டுக் கிளம்புங்கள். 500 கி.மீ. ஓடியதும் லூஸை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், புதுச் செயின் கொஞ்சம் தளரும்.