ஒரு பெட்டி, மூன்று நாடு, 27 கிலோ: எதை வெளியே எடுப்பது?

நிலா_17:
கல்லூரியிலிருந்து ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கப் போகிறோம். செப்டம்பர் சிங்கப்பூர், அக்டோபரும் நவம்பரும் டோக்கியோ, டிசம்பர் பெர்லின். டிக்கெட்டில் ஒரே பெட்டி, 23 கிலோ. வேக்கம் பையில் எல்லாத்தையும் அமுக்கி வைத்தும் 27 காட்டுகிறது. உள்ளே இருப்பது குளிர் கோட், பூட்ஸ், ஹேர் ஸ்ட்ரெய்ட்னர், 30,000 எம்ஏஎச் பவர் பேங்க், நாலு மாதத்துக்குத் தைராய்டு மாத்திரை, சளிக்கு ஒரு அட்டை, இரண்டு தடி புத்தகம், அப்புறம் துணிமணி. கோட்டை விட்டுவிடலாமா?

மூட்டைமுடிச்சு:
வேக்கம் பை காற்றை எடுக்கும், கிலோவை எடுக்காது. கோட்டையும் பூட்ஸையும் விமானத்தில் போட்டுக்கொண்டு போங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும், ஏறியதும் கழற்றி மேலே வைத்துவிடலாம். அதிலேயே மூன்று கிலோ போகும். புத்தகத்தை பிடிஎஃப் ஆக்குங்கள். டிசம்பர் பெர்லினில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், அதனால் கோட் தேவைதான். ஆனால் தடியாக நாலு ஸ்வெட்டர் வேண்டாம், மெல்லிய தெர்மல் உள்ளாடை இரண்டு போதும்.

ரயில்பைத்தியம்:
ஸ்ட்ரெய்ட்னரை எடுத்துப் பாருங்கள், பின்னால் 220–240 என்று மட்டும் இருந்தால் டோக்கியோவில் சரியாகச் சூடேறாது, அங்கே 100 வோல்ட். 100–240 என்றிருந்தால் மட்டும் எடுத்துப் போங்கள். பவர் பேங்க் பெட்டிக்குள் இருக்கவே கூடாது, கைப்பையில்தான். 30,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட் கணக்கில் 111 வாட் ஹவர் வருகிறது, 100ஐத் தாண்டினால் விமான நிறுவனத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். 20,000 எடுங்கள், 74தான்.

ஜப்பானில் டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்சென் (புல்லட் ரயில்) ஏறுவீர்கள் என்றால் இன்னொன்று: பெட்டியின் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செமீக்கு மேல் போனால் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 1,000 யென் கட்டணம். சக்கரத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

மருந்துச்சீட்டு:
எல்லாரும் எடையைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்குக் கண்ணில் பட்டது மாத்திரைதான். அந்தச் சளி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், மூக்கடைப்புக்குச் சேர்க்கும் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா? 10 சதவீதத்துக்கு மேல் அது கலந்த மருந்தை முன்அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது, மருத்துவர் சீட்டு மட்டும் போதாது.

தைராய்டு மாத்திரைக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அளவு இடிக்கிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து ஒரு மாதத்துக்குள் என்றால் அப்படியே கொண்டுபோகலாம். டோக்கியோவில் இறங்கும்போது உங்களிடம் மூன்று மாத மருந்து மீதி இருக்கும், அதற்கு யுன்யு காகுனின்-ஷோ என்ற சான்றிதழை முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டும். கிளம்பும் வாரத்தில் தொடங்கினால் தலைவலிதான். மாத்திரையை டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள், அட்டையோடு, சீட்டோடு, கைப்பையில்.

நிலா_17:
அட்டையைப் பார்த்தேன், சூடோஎஃபெட்ரின் 60 மி.கி என்று போட்டிருக்கிறது! வெளியே எடுத்துவிட்டேன். ஸ்ட்ரெய்ட்னரும் 220–240தான், அதுவும் போச்சு. இப்போது 22.4. மூன்று நாட்டுக்கும் ஒரே அடாப்டர் போதுமா?

ரயில்பைத்தியம்:
சதவீதம் என்பது மாத்திரை எடையில் எவ்வளவு என்ற கணக்கு, ஆனாலும் 60 மி.கி என்றால் விட்டுப்போவதே நல்லது. அடாப்டர் ஒன்று போதும், சிங்கப்பூரில் பட்டையான மூன்று முள், ஜப்பானில் தட்டையான இரண்டு, ஜெர்மனியில் உருண்டையான இரண்டு, மூன்றும் வருகிறதா பார்த்து வாங்குங்கள். லேப்டாப் ஒயர் மூன்று முள்ளா? அப்படியென்றால் வாங்கும்போதே அதைச் செருகிப் பாருங்கள், சில அடாப்டரில் மூன்றாவது முள்ளுக்கு ஓட்டையே இருக்காது. கூடவே நாலு துளை யுஎஸ்பி சார்ஜர் ஒன்று வைத்துக்கொண்டால் போன், பவர் பேங்க் எல்லாம் அதிலேயே ஏறிவிடும்.